வெள்ளிக்கிழமை விற்காத ஷேர்

1974 ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, காரைக்குடி ஷேர் ஏஜென்ட் மாயக்கண்ணன் கோட்டையூரில் எங்கள் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

“அக்கா, கம்பெனி லாபத்துல கவர்மெண்டு கை வைக்கப் போகுதுன்னு மெட்ராஸ்ல பேச்சு. ஷேரெல்லாம் சரியும். இன்னைக்கே குடுத்தீகன்னா ஷேருக்கு எரநூறுன்னு வித்துரலாம்.”

என் பெயரில் நூறு சிமெண்ட் கம்பெனி ஷேர் இருந்தது. அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த நிலத்தை விற்று வாங்கியது. பஸ் நிறுத்தத்துப் பக்கம் ஒரு மாவு மில் விலைக்கு வந்திருந்தது. பதினெட்டாயிரத்துக்குப் பேசி வைத்திருந்தேன். அதை நானே நடத்த வேண்டும், ஒரு முழம் பூவுக்குக்கூட என் வீட்டுக்காரரிடம் கையேந்தக் கூடாது. அதுதான் என் ஆசை.

விற்கும் படிவத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். ஆனால் ஷேர் பத்திரங்கள் இரும்புப் பெட்டிக்குள், சாவி என் வீட்டுக்காரர் இடுப்பில்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமிய வீட்டை விட்டு அனுப்புவாகளா? திங்கக்கிழமை பாத்துக்கலாம்” என்றார்.

வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டுக்கு உப்புக்கூடக் கொடுக்காத குடும்பம். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் புத்திகெட்டதனத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாளே உத்தரவு வந்தது. திங்கட்கிழமை ஷேர் விலை நூற்றுப்பத்து; அதற்கும் வாங்க ஆள் இல்லை. பிறகு மார்க்கெட்டையே மூடினார்கள்.

அடுத்த வாரம் மாயக்கண்ணன் ஆறுதல் சொல்ல வந்தார். “அண்ணன் ஷேராவது தப்பிச்சுச்சே அக்கா. அன்னைக்கு மத்தியானமே அவுக கடையில வச்சு விக்க எடுத்துக் குடுத்துட்டாகல்ல.”

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷனிடம் போய்க் கேட்டேன். “உங்க ஷேரை மட்டும் வெள்ளிக்கிழமை வித்தீகளா?”

“அது கடையில இருந்துச்சு. வீட்டு லட்சுமி வேற, கடை லட்சுமி வேற” என்று சொல்லிவிட்டு, ரசத்துக்குச் சோறு கேட்டார். முகத்தில் கூச்சமே இல்லை. ஊருக்கு உபதேசம் என்பார்கள். இவர் பெண்டாட்டிக்கு மட்டும் உபதேசம் செய்திருக்கிறார். இந்த மனுஷனுக்கா இருபது வருஷம் சோறு போட்டேன் என்று அருவருப்பாக இருந்தது.

ஆவணியில் அந்த மாவு மில்லை அவரே வாங்கினார், அவர் பெயரில், நான் பேசி வைத்த விலைக்கே. திறப்பு அன்று ஒரு புதுச்சேலையை நீட்டினார்.

“உமையா, நீ வந்து சுவிட்சைப் போடு. வீட்டுப் பொம்பளை கையால தொடங்குனாத்தான் ராசி.”

“மில்லுக்கு ஆள் எடுக்குறீகளா?”

“ரெண்டு பேரு. ஏன்?”

“எனக்கு மாசச் சம்பளம் எம்புட்டுன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் வருவேன்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, சேலையைத் தொடவும் இல்லை. அன்று சுவிட்சை அவரேதான் போட்டுக்கொண்டார்.