நடுவில் உருவிய சீட்டு

வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் பட்டன்காரர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வெளியே கிளம்பியிருக்கிறார். அது வாக்கு எண்ணுகிற நாளாகப் பார்த்து வந்து சேர்ந்தது.

குற்றம் புதுச் சட்டையின் மேல்தான். வேட்பாளர் என்றால் பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று மனைவி எடுத்துக் கொடுத்த சட்டை. அதற்கு இருந்தது ஒரே ஒரு பை. அந்தப் பையில் கட்சியின் பூட்டுச் சின்ன அட்டையைக் குத்திக்கொண்டதும் கண்ணாடிக்கு இடமில்லாமல் போயிற்று. கடை மேசையில், ஜிப் பெட்டிகளுக்கும் கொக்கி டப்பாக்களுக்கும் நடுவில் அதை வைத்தவர், வைத்ததை அங்கேயே மறந்தார். நகரமன்றக் கூடத்தில் எண்ணும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் சீட்டுக்கட்டை அதிகாரி நீட்டியபோதுதான் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பூட்டு இருந்தது. பார்வை இல்லை.

ஆள் அனுப்பி எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். வாசலில் மனைவியும் மகளும்தான் நிற்கிறார்கள். ஆனால் எதிர் நாற்காலியில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தி என்றால் அவர் மகளுடைய மாமனார். பட்டன்காரர் கடைக்கு நேர் எதிரில் மொத்தத் துணிக்கடை வைத்திருப்பவர். முப்பது வருடமாகக் குடைக் கட்சி. இன்றைக்குக் குடை வேட்பாளரான இளம் வக்கீலுக்கு எண்ணிக்கை முகவராக வந்திருக்கிறார். பூட்டுக் கட்சிக்கோ முகவர் வைக்கக்கூட ஆள் தேறவில்லை. அதனால் வேட்பாளரே முகவர். அந்த மனிதர் முன்னால், ‘எனக்குக் கண் தெரியவில்லை, கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்வதா? வியாபாரத்தில் சரக்கு புரியாவிட்டாலும் புரிந்த மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பட்டன்காரர் அப்படித்தான் வைத்துக்கொண்டார். வந்த சீட்டுக்கட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, “சரி, சரி” என்று தலையாட்டினார்.

சம்பந்தியிடம் அவருக்கு இருந்த கடுப்புக்கு ஒரு பழைய கதை உண்டு. எட்டு வருடத்துக்கு முன், கல்யாணம் பேசி முடித்த கையோடு, உறவு வந்தாச்சே என்று துணிக்காரர் இவரிடம் ஒரு பெட்டி பட்டன் வாங்க வந்தார். அட்டைக்குப் பன்னிரண்டு பட்டன், கட்டுக்குப் பன்னிரண்டு அட்டை. மேல் அட்டையை யாரும் பார்ப்பார்கள். அவர் பார்க்கவில்லை. இரண்டு விரலை விட்டு, நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவினார். அதில் ஒரு பட்டனில் மயிரிழை விரிசல். அவ்வளவுதான். “சம்பந்தி சரக்கு மேல தங்கம், நடுவுல தகரம்” என்று அன்றிலிருந்து கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். பேரன் பிறந்த அன்றைக்குக்கூட, ஆஸ்பத்திரியில், குழந்தையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நடுவுலயும் நல்லாத்தான் இருக்கான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பட்டன்காரரும் சிரித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

துணிக்காரர் யாரையும் விட்டதில்லை என்பதும் உண்மை. ஆலைக்காரன் துணிப் பொதியை இறக்கினால் நடுத் துணியை இழுப்பார். கூட்டத்துக்கு நாற்காலி வந்தால் அடுக்கின் நடு நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார். அவர் கைக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

சரி, பட்டன் விற்கிறவருக்கு எதற்கு அரசியல்? அவருக்கும் அதே கேள்விதான். நகரமன்றத்தில் பதின்மூன்று இடம். ஒரு காலத்தில் பதின்மூன்றும் குடைக்கே. பூட்டுக் கட்சி கூட்டம் போட்டால் வருகிற நாலு பேரில் மூன்று பேர் மைக் செட்காரர்களாக இருப்பார்கள். ஆனால் குடைக்குள்ளேயே ஆளுக்கொரு பக்கம் கம்பியை வளைத்ததில், போன தேர்தலில் பூட்டு ஆறு இடம் பிடித்துவிட்டது. குடைக்கு ஏழு. அந்த ஏழில் ஒருவர், மகனோடு இருக்கப் போகிறேன் என்று பதவியை விட்டுவிட்டு வேற்றூர் கிளம்பிவிட்டார். இப்போது ஆறுக்கு ஆறு. நடுவில் காலியாகக் கிடக்கும் ஒரே நாற்காலிக்குத்தான் இந்த இடைத்தேர்தல்.

அந்த நாற்காலி யாருக்கோ, அவர்கள் சொன்னபடிதான் பட்டன்காரர் கடையின் கதியும். மன்றத்துக்குச் சொந்தமான பதினோரு கடை வரிசையை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்டுவது என்று குடைக் கட்சி தீர்மானம் தயாராக வைத்திருந்தது. வரிசையில் மூன்றாவது கடை இவருடையது. அப்பா காலத்துக் கடை. வேறு தொழில் தெரியாது, வேறு இடமும் கிடையாது. வரிசை போய்விட்டால் எதிர்ப்பக்கத்துத் துணிக்கடைக்கு அடித்தது யோகம். வாடிக்கைக்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து வாசலிலேயே நிறுத்தலாம். ஆக நஷ்டம் இவருக்கு, லாபம் அவருக்கு, பேரன் மட்டும் இருவருக்கும் பொது.

பதினோரு கடைக்காரர்களும் உட்கார்ந்து பேசி, “நீங்கதான் நிக்கணும், உங்களுக்குத்தான் எதிரி கிடையாது” என்று இவரைப் பிடித்துத் தள்ளினார்கள். பூட்டுக் கட்சியும் ஆள் கிடைத்ததே என்று அட்டையைக் குத்திவிட்டது.

பகல் பதினொன்றரைக்கு எண்ணிக்கை முடிந்தது. அதிகாரி தாளைப் பார்த்துப் படித்தார்.

“குடை அறுநூத்தி நாப்பத்திரெண்டு. பூட்டு அறுநூத்தி ஒண்ணு. வித்தியாசம் நாப்பத்தொண்ணு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டீங்கன்னா அறிவிச்சிடலாம்.”

நாற்பத்தொன்று. பட்டன்காரர் பூட்டு அட்டையைத் தடவிக்கொண்டார். அறுநூறு பேர் தன்னை நம்பிக் குத்தியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுவதா, நாற்பத்தொரு பேர் பத்தாமல் போனதே என்று அழுவதா? பேனாவை வாங்கினார். கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

“இங்க, இங்க” என்று அதிகாரி விரலை வைத்துக் காட்டினார்.

போட்டார். கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியது.

“ஐயா, நீங்களும் போட்டுருங்க. வெளியில பசங்க காத்திட்டிருக்காங்க” என்றார் வக்கீல். அவர் அதற்குள் எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

“போடுறேன் தம்பி, காகிதம் எங்க ஓடிப்போகுது?” என்று பேனாவை வலக்கையில் வாங்கினார் துணிக்காரர். இடக்கை சும்மா இருக்குமா? குடைக் குவியலில் கைக்கு எட்டிய ஒரு கட்டின் மேல் போய் உட்கார்ந்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு சீட்டைப் பாதி உருவியது. அதோடு நின்றது.

பட்டன்காரருக்குச் சீட்டு தெரியவில்லை, சம்பந்தியின் முகமும் தெரியவில்லை. ஆனால் கை நின்றது தெரிந்தது. வாங்க வந்தவன் கை சரக்கின் மேல் அப்படி நின்றால் விற்கிறவன் விலையைக் குறைக்கத் தயாராவான். குறையைக் கண்டுவிட்டான் என்று அர்த்தம். இங்கே விற்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

துணிக்காரர் சீட்டை மெல்ல உள்ளே தள்ளினார். கட்டின் விளிம்பைத் தட்டிச் சமப்படுத்தினார். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அப்படியே போயிற்று. பிறகு பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“சார், இந்தக் கட்டைப் பிரிங்க.”

“எதுக்கு? ஜெயிச்சது உங்க ஆளுதானே?”

“தெரியும். பிரிங்க.”

“ஐயா!” வக்கீலின் குரல் கீச்சென்று ஏறியது. “என்ன பண்றீங்க? அது நம்ம கட்டு!”

“அதான் தம்பி சொல்றேன். மேல குடை, உள்ள பூட்டு. மேல ஒரு துணி, உள்ள ஒரு துணின்னு வர்ற கட்டை முப்பது வருஷமா என் கடைப் படியேற விட்டதில்ல. இன்னிக்கு நானே கையெழுத்துப் போட்டு இறக்கச் சொல்றியா?”

“நமக்கு லாபமா வந்த சரக்கு ஐயா!”

“லாபமா வந்ததுன்னா அழுகல் நல்லதாயிடுமா? நீ வக்கீல், உனக்குப் பழக்கம். எனக்குக் கை கூசுது.”

ரப்பர் வளையம் கழன்றது. ஐம்பது சீட்டில் மேலே இருந்தது ஒன்றே ஒன்று குடை. மற்ற நாற்பத்தொன்பதும் பூட்டு. கட்டுப் போட்ட எழுத்தர் வேர்த்து விறுவிறுத்து விஷயத்தைக் கக்கினார். பூட்டுக் கட்டுக்கு ஒன்று குறைந்திருக்கிறது. பக்கத்தில் கிடந்த குடைச் சீட்டை அவசரத்தில் எடுத்து மேலே வைத்து ஐம்பதாக்கிவிட்டார். அடுத்தவர் மேல் சீட்டை மட்டும் பார்த்துக் குடைக் குவியலில் போட்டுவிட்டார். பட்டன்காரர் அந்தக் கட்டையும் தூக்கிப் பார்த்துத்தான் “சரி” சொல்லியிருந்தார்.

அதிகாரி கையெழுத்துத் தாளைக் கிழித்துப் போட்டு, எல்லாக் கட்டையும் பிரித்து முதலிலிருந்து எண்ண வைத்தார். வேறு பிசகு இல்லை. குடை ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. பூட்டு அறுநூற்று ஐம்பது. பதின்மூன்றாவது நாற்காலி பட்டன்காரருக்கு.

வாசலில் மற்ற பத்துக் கடைக்காரர்களும் அவரைத் தூக்காத குறை. அவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு நடைபாதையில் தனியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு மங்கலான வெள்ளை உருவத்தைத் துரத்திப் பிடித்தார்.

“சம்பந்தி… நான் என்னன்னு சொல்றது…”

“ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களுக்காகப் பண்ணல. கைப் பழக்கம்.”

“இருந்தாலும்…”

“கண்ணாடி எங்க?”

பட்டன்காரர் விழித்தார். “கடையில.”

“முதல் கட்டுலயே தெரிஞ்சுபோச்சு. சீட்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு சரிங்கிறீங்க. சம்பந்திகிட்ட சொல்ல அப்படி என்ன வெட்கம்? அதான் உங்களுக்கும் சேத்து நானே பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவர் போய்விட்டார். பட்டன்காரர் வெயிலில் நின்றார். அந்தக் கைப் பழக்கத்தை எட்டு வருடமாகத் திட்டாத நாளில்லை. இன்று அதே இரண்டு விரல்தான் கடையைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒற்றினால் மனிதர் அதையும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரே!

மறுநாள் காலை மகள் போன் செய்தாள். “அப்பா, மாமாவைக் கட்சியில இருந்து எடுத்துட்டாங்களாம். கடை வாசல்ல இருந்த கொடியையும் வந்து கழட்டிட்டுப் போயிட்டாங்க. போனாப் போகுது, வெளிச்சம் மறைச்சுட்டிருந்துச்சுங்கிறார். ஆனா டீயைக் குடிக்கல, ஆறிப்போச்சு.”

பட்டன்காரர் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடையைத் தலைகீழாகப் புரட்ட ஆரம்பித்தார்.

“என்னத்த தேடுறீங்க?” என்றாள் மனைவி.

“விரிசல் விட்ட பட்டன் ஒண்ணு.”

“அந்த மனுஷன் பேச்சுக்குப் பயந்து எட்டு வருஷமா ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்து அடுக்குறீங்க. இப்ப விரிசலுக்கு எங்க போறது?” என்றவள் சட்டென்று புரிந்துகொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். மேசை இழுப்பறையிலிருந்து குறடு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

ஓர் அட்டையில் ஐந்தாவது பட்டனைக் குறட்டால் பிடித்து, பதமாக ஒரு நெருக்கு. மயிரிழை விழுந்தது. அந்த அட்டையைக் கட்டின் சரியான நடுவில் செருகிக்கொண்டு பட்டன்காரர் தெருவைக் கடந்தார்.

கொடி போன கம்பம் வாசலில் மொட்டையாக நின்றது. துணிக்காரர் கல்லாவில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரில் இரண்டு வாடிக்கைக்காரர்கள்.

“வாங்க கவுன்சிலரே” என்றார், உப்புச் சப்பில்லாமல்.

“புதுச் சரக்கு வந்திருக்கு சம்பந்தி. நீங்க பாத்துச் சொன்னாத்தான் விக்கணும்னு இருக்கேன்.”

கட்டைக் கல்லா மேல் வைத்தார். கை தானாக வந்தது. இரண்டு விரல் உள்ளே போயிற்று. நடு அட்டை வெளியே வந்தது. கட்டைவிரல் ஒவ்வொரு பட்டனாகத் தடவிக்கொண்டே போய், ஐந்தாவதில் நின்றது.

இன்றைக்குக் கண்ணாடி இருந்ததால் பட்டன்காரருக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பட்டனின் விளிம்பில் குறட்டின் பல் இரண்டு புள்ளியாகப் பதிந்திருந்தது. சம்பந்தியின் விரல் அந்தப் புள்ளிகளின் மேலேயே இருந்தது. அவர் நிமிர்ந்தார். பட்டன்காரரின் முகத்தைப் பார்த்தார்.

பிறகு துணிக்காரர் எழுந்து நின்று, தெரு அதிரக் கத்தினார்.

“எல்லாரும் வந்து பாருங்கய்யா! கவுன்சிலர் ஆனாலும் சம்பந்தி சரக்கு சம்பந்தி சரக்குதான்! மேல தங்கம், நடுவுல தகரம்!”

வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். எதிர் வரிசைக் கடைகளிலிருந்து தலைகள் நீண்டன. பட்டன்காரர் மாட்டிக்கொண்டவர் போலத் தலையைச் சொறிந்தார். துணிக்காரர் அட்டையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டே, மறு கையால் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “ரெண்டு டீ சொல்லு!” என்று உள்ளே குரல் கொடுத்தார்.