காய்ந்த ரோட்டில் கேட்காத சத்தம்

காலை எட்டரை மணிக்கே நர்ஸம்மாவின் வண்டி ஒர்க் ஷாப் வாசலில் வந்து நின்றது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. டயர் மாற்றுகிறவர் டீயை உறிஞ்சியபடியே, "அண்ணே, உங்க ஆளு வந்தாச்சு" என்று கண்ணைக் காட்டினார். மெக்கானிக் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அவரை அந்த வட்டாரத்தில் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். அரை நிமிடம் கழித்து, "மூணாவது சிலிண்டர்" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான். முப்பது வருடத்தில் அவர் சொல்லித் தப்பியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் அந்தக் காதுக்குக் கொஞ்சம் கர்வம் ஏறியிருந்தது. கர்வம் ஏறிய காதோடு ஒரு தொல்லை உண்டு. தனக்குக் கேட்காதது உலகத்திலேயே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும்.

நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். சுகாதார நிலையத்து வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு, ஊருக்கு மேலே மேட்டுக் குடியிருப்பில் பிள்ளை பெற்றவர்களையும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர். மழைக்காலத்தில் அந்த மேடு சோப்புப் போட்ட தரை மாதிரி வழுக்கும். அதற்காகவே நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள்.

"அண்ணே, மறுபடியும் அதே சத்தம்."

"எங்கருந்து சிஸ்டர் வருது?"

"அடியிலருந்து. பின்பக்கமா. கொர்ர்னு உறுமும், அப்பறம் டக்குனு ஒரு இடி. மழையில மேடு ஏறும்போது மட்டும்தான்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க. பின்னாடி ரோட்டுல பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தேன். பச்சப்புள்ள தூங்கற மாதிரி போச்சு வண்டி."

வேலைச் சீட்டில் அவருடைய கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. தேதிதான் வேறு, வார்த்தை ஒன்றுதான். 'ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை.'

"சிஸ்டர், நீங்க ஒருவாட்டி காத டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்களேன்" என்றார் டயர்க்காரர். அவராகவே சிரித்தும் கொண்டார்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "மேட்டுல ஒரு பொண்ணுக்கு இந்த வாரம் நாள் குறிச்சிருக்கு. ரெட்டப் புள்ள. வலி எடுத்தா நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும். பாதி மேட்டுல வண்டி படுத்துடுச்சுன்னா, சத்தம் இல்லன்னு நீங்க எழுதின இந்தச் சீட்டத்தான் அவகிட்ட காட்டணும்."

டயர்க்காரர் டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

"சரி, சாவியக் குடுங்க. இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கறேன்" என்றார் மெக்கானிக்.

"நீங்க ஓட்ட வேணாம்ண்ணே. நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. என் ரோட்டுலதான் போறோம். மழ வரட்டும்."

வானம் இருட்டிக்கொண்டுதான் இருந்தது. நர்ஸம்மா பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். மெக்கானிக் கையில் வேலை ஓடாமல், பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அவர் எதிர்பார்த்த பெயர் அதில் வந்து பதினாலு மாதம் ஆகிவிட்டது.

அவருக்கு ஒரே மகள். சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அப்பா தெருமுனை திரும்பும்போதே, "அம்மா, அப்பா இன்னிக்கு டீசல் வண்டில வராரு" என்று கத்துவாள். ஒர்க் ஷாப்பிலிருந்து தினம் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்து வருவார். தினம் சரியாகச் சொல்லிவிடுவாள். அப்பனுடைய காது அப்படியே இறங்கியிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போது இவருக்குத் தலைகால் புரியாது.

இப்போது அவள் மூன்று மணி நேரத் தொலைவில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறாள். ஞாயிறு பத்து மணிக்கு அம்மாவைக் கூப்பிடுவாள். இவர் பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருப்பார். "அப்பா இங்கதான் இருக்காரு, பேசறியா?" என்று மனைவி கேட்பாள். போனுக்குள்ளிருந்து வரும் பதில் இவருக்குத் தெளிவாகவே கேட்கும். "வேல இருக்கும்மா. அப்பறம் பேசறேன்." அந்த அப்பறம் இன்னும் வரவில்லை. ஊரில் ஓடுகிற வண்டிச் சத்தமெல்லாம் அத்துப்படியான மனிதர், 'அப்பா' என்கிற ஒரு சத்தத்துக்காக வாரா வாரம் ஏங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. பதினாலு மாதத்துக்கு முன்னால் அவள் ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள்.

"நாலு பேருக்கு முன்னாடி அவரு தங்கம்பா. கதவச் சாத்திட்டா வேற ஆளு. எதுத்து ஒரு வார்த்த சொன்னா பத்து நாள் மூஞ்சியப் பாக்க மாட்டாரு. யார்கிட்ட பேசினேன்னு தினம் போன வாங்கிப் பாப்பாரு. போன வாரம் கைய ஓங்கிட்டாருப்பா."

மூன்றாம் நாள் இவரே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். முன்னதாகவே மாப்பிள்ளைக்குப் போன் செய்து, வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், மகளின் கைப்பக்குவத்தை வாயாரப் புகழ்ந்தான். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தார். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. கிளம்பும்போது கேட்டருகே மகளிடம் சொன்னார்: "நானே கூட இருந்து பாத்துட்டேனேம்மா. ஒன்னுமில்ல. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அவரிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

பத்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. நர்ஸம்மா நோட்டை மூடிவிட்டு எழுந்தார்.

கடைத்தெருவைத் தாண்டும் வரை வண்டியில் ஒரு முனகல்கூட இல்லை. மெக்கானிக் மரியாதைக்காக வாயைத் திறக்காமல் வந்தார். மேட்டின் அடிவாரத்தில் நர்ஸம்மா முதல் கியருக்கு மாற்றினார். சேறும் பாசியுமாக ரோடு பளபளத்தது. முதல் வளைவில் முன் சக்கரங்கள் பிடி கிடைக்காமல் சர்ரென்று சுழன்றன. பின் சக்கரங்கள் தள்ள ஆரம்பித்தன. அப்போதுதான் கேட்டது. இரண்டு சீட்டுக்கும் பின்னால், தரைக்கடியில், கொர்ர்ர் என்று ஒரு உறுமல். அதைத் தொடர்ந்து டக்கென்று ஒரு இடி, அவருடைய முதுகெலும்பு வரைக்கும் வந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொரு தடவ ஏறுங்க சிஸ்டர்."

நர்ஸம்மா பின்னால் இறக்கி மறுபடி ஏற்றினார். மறுபடியும் உறுமல், மறுபடியும் இடி. மூன்றாம் முறை கேட்கவே தேவை இருக்கவில்லை. பின் சக்கரத்துக்குப் போகிற நீள ஷாஃப்ட்டை நடுவில் தாங்குகிற பேரிங். அதைச் சுற்றியிருக்கிற ரப்பர் கிழிந்துபோயிருக்கிறது. காய்ந்த ரோட்டில் இந்த வண்டியை முன் சக்கரங்களே இழுத்துக்கொண்டு போய்விடும். ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். முன் சக்கரம் வழுக்கினால்தான் பாரம் பின்னுக்குப் போகும், பாரம் ஏறினால்தான் கிழிந்தது உறுமும். இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. சொல்லிக்கொண்டிருந்தவரை நம்பியிருந்தால், முதல் நாளே படுத்துக்கொண்டு வண்டிக்கடியில் பார்த்திருப்பார்.

"கேட்டுச்சாண்ணே?" என்றார் நர்ஸம்மா. குரலில் வெற்றி இல்லை.

"கேட்டுச்சு சிஸ்டர். நல்லாவே கேட்டுச்சு. இதோட இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா மேட்டுலயே படுத்திருக்கும்."

நர்ஸம்மா வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டார். "எத்தன தடவதான் சொல்றது. எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. முந்தாநாள் மேடு ஏறும்போது ரேடியோவ சத்தமா வச்சுக்கிட்டேன். கேக்காம இருந்தா போதும்னு. யாராச்சும் வண்டி எப்படி இருக்குன்னு கேட்டா, நல்லா இருக்குன்னு சொல்லிடறது."

மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்குக் காதுக்குள் வேறொரு குரல் கேட்டது. ஞாயிறு பத்து மணிக்கு, பதினாலு மாதமாக, ஒரே மாதிரி வந்துகொண்டிருந்த குரல். 'நல்லா இருக்கேன்மா.' அதையும் அவர் தினசரிப் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கேட்டு நிம்மதியும் பட்டிருக்கிறார்.

"நீங்க நல்ல மெக்கானிக்தான்ண்ணே" என்றார் நர்ஸம்மா, வண்டியைத் திருப்பியபடி. "ஆனா ரெண்டு தடவையும் உங்களுக்கு வசதியான ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு, என் ரோட்டுக்குத் தீர்ப்பு எழுதிட்டீங்க."

மத்தியானத்துக்குள் பேரிங் வந்து சேர்ந்தது. தாமே படுத்து, தாமே கழற்றி, கிழிந்த ரப்பரை நர்ஸம்மாவின் கையில் கொடுத்தார். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அப்போ என் காதுக்கு ஒன்னும் ஆகல" என்றார். டயர்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "மன்னிச்சுக்குங்க சிஸ்டர், வாய்க்கொழுப்பு" என்றார். வேலைச் சீட்டில் பழைய இரண்டு வரிகளையும் மெக்கானிக் அடித்துவிட்டு, கீழே எழுதினார்: 'முதல் நாள் முதலே சத்தம் இருந்தது. நான் நம்பவில்லை.'

வண்டி போனதும் அவர் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு போனை எடுத்தார். அன்றைக்குப் புதன்கிழமை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்று நினைக்கும்போது எடுத்தாள்.

"அப்பா? அம்மாவுக்கு என்னாச்சுப்பா?"

பதறித்தான் கூப்பிட்டாள். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் அவர் போனை இன்னும் இறுக்கிக் காதோடு ஒட்டிக்கொண்டார்.

"அம்மா நல்லா இருக்கா. நீ பேசலாமா இப்ப? பக்கத்துல யாராவது..."

"இல்ல. வேலைக்குப் போயிருக்காரு."

"பாப்பா, அன்னிக்கு நான் வந்து பாத்தது காஞ்ச ரோடும்மா. சொல்லிட்டு வந்தேன், பகல்ல வந்தேன், அவருக்கு முன்னாடி உக்காந்து பாத்தேன். அப்படிப் பாத்தா எந்தக் கோளாறும் தெரியாது. நீ சொன்னதுதான் நெசம். நான்தான் நம்பல."

எதிர்முனையில் எங்கேயோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மகளின் குரல் அழுகையும் பேச்சுமாக வந்தது.

"அவரு கைய ஓங்கினதக்கூடத் தாங்கிட்டேம்பா. நீங்க ஒன்னுமில்லன்னு சொன்னதத்தான் தாங்க முடியல."

"தப்புதாம்மா. இப்பவே கெளம்பறேன். அவருக்குச் சொல்லிட்டு வரப் போறதில்ல. நீ பைய எடுத்து வை. இந்தத் தடவ திருப்பிக் கொண்டாந்து விடமாட்டேன்."

"நெசமாவாப்பா?"

"நெசமா. எந்த வண்டில வரேன்னா..."

"சொல்லாதீங்கப்பா" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "தெருவுல திரும்பும்போது நானே கண்டுபிடிச்சுக்கறேன்."

அடுத்ததாக வீட்டுக்குப் போன் செய்து, "பாப்பா ரூமக் கொஞ்சம் தூசி தட்டி வை" என்றார். மனைவி ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "அது பதினாலு மாசமா தட்டித்தான் இருக்கு. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

போனில் பேசியதெல்லாம் காதில் விழுந்திருந்த டயர்க்காரர், கையைக் கழுவிக்கொண்டு சட்டை மாற்றுகிறவரின் கிட்டே வந்தார். "என்னண்ணே திடீர்னு? மாப்பிள்ள தங்கமான மனுசன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"எனக்கு முன்னாடி தங்கம்தான்" என்றார் மெக்கானிக். சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர், நின்று திரும்பினார். "உனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. ஒன்னு சொல்றேன், மறக்காத. பொண்ணு வந்து எனக்கு அங்க வலிக்குதுன்னு சொன்னா, எங்க காட்டு பாப்போம்னு நீ போய்ச் சோதிக்காத. உனக்கு முன்னாடி அது தெரியாது. முதல்ல அவ சொல்றத நம்பு. நம்பாம திருப்பி அனுப்பினா, அப்பறம் அவ நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா."