இடது புருவத்தின் வால்

1

இந்தக் கதை பிறந்தது என் இடது புருவத்தில். சமூகப் பார்வை, உள்ளத்து உந்துதல் என்று பெரிய காரணங்கள் சொல்ல ஆசைதான். ஆனால் புருவத்தின் வால் பக்கம் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்த இடத்தைப் பென்சிலால் தீட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தால் வேறு எதுவும் எழுத வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உட்கார்ந்தேன் என்பதிலும் பாதிதான் உண்மை. உட்காருகிறேன், எழுகிறேன், ஜன்னல் வரை போகிறேன், திரும்பி வருகிறேன். தரை ஒரு பக்கமாக ஏறி இறங்குகிறது. எல்லாம் புதுக் கண்ணாடி செய்யும் வேலை. புரோகிரஸிவ் லென்ஸ். ஒரே சில்லுக்குள் மேலே தூரம், நடுவில் கணினி, கீழே படிப்பு என்று மூன்று குடித்தனம். இரண்டு ஓரங்களிலும் யாருக்கும் சொந்தமில்லாத மங்கல்.

"பழகிடும் மேடம்" என்றார் கடைக்காரர். "கண்ணைத் திருப்பாதீங்க, மூக்கைத் திருப்புங்க. மூக்கு எங்க போகுதோ அங்கதான் தெளிவாத் தெரியும்."

"பழகலைன்னா?"

"சில பேரு திரும்பி வந்து சண்டை போடுவாங்க."

நான் சண்டை போடுகிற ரகம். ஆனால் கடைக்குப் போகிற வழியில் பன்னிரண்டு படிகளோ பதினான்கு படிகளோ இருக்கின்றன. எத்தனை என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்பதால் போகவில்லை.

2

தொடக்கங்கள்.

"அவள் நூலைப் பல்லில் கவ்வியபோது வெளியே மழை—"

மழை பெய்யவில்லை. தொடக்கம் வராத போதெல்லாம் மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.

"பார்வை என்பது கண்ணின் செயலா, மனத்தின்—"

தூக்கம் வருகிறது.

"எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டி ஓர் அறை. உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு நிலைக்கண்ணாடி, கண்ணைக் கூசும் ஒரு குழல்விளக்கு. அங்கே ஒருத்தி நூலால் புருவம் திருத்துகிறாள்."

இது நிற்கட்டும். சாதாரணமாக இருக்கிறது, ஆனால் பொய் இல்லை.

(நூல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். என் மீதே எரிச்சல் வந்தது. அழித்துவிட்டேன்.)

3

அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. கட்டடத்தில் எல்லாரும் 'பார்லர்' என்றுதான் சொல்வோம். 'பார்லர் வந்தாச்சா?' என்றால் அவள் வந்தாச்சா என்று அர்த்தம். என்னை விட ஐந்தாறு வயது சிறியவள். என்னை அக்கா என்பாள். நான் அவளை நீ, வா, போ என்பேன்.

முதல் வரைவில் அவளை ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டேன். பொறுமை, புன்னகை, உழைப்பு. படித்துப் பார்த்தால் யாரோ ஒருத்தி. உண்மையில் அவளுக்கு வாய் அதிகம். "மீசை வளருதுக்கா, விட்டா முறுக்கலாம்" என்று நாலு பேர் இருக்கும்போது சொல்வாள். மேல்மாடிக்காரியின் கதையை என்னிடமும், என் கதையை மேல்மாடிக்காரியிடமும் சொல்வாள். ஆனால் நூல் பல்லுக்குப் போய்விட்டால் பேச்சு நின்றுவிடும். அந்தச் சில நிமிடங்கள்தான் அந்த அறையில் அமைதி.

வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அந்த அறையையும் கட்டடத்துக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இதைக் கதையின் நடுவில் உருக்கமாக அவிழ்க்கலாம் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அப்படிப் பதுக்குவது பிடிக்கவில்லை. இப்போதே சொல்லிவிட்டேன்.

4

நடந்தது இது. நான் கண்ணாடி வாங்கிய அதே வாரம் அவளும் அதே கடையில் அதே லென்ஸ் வாங்கினாள்.

நாற்காலியைச் சாய்த்து என்னைப் படுக்க வைத்தாள். புருவத்தைச் சுற்றிய தோலை விரல்களால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்தாள். இந்த லென்ஸின் வம்பு இங்கேதான். குனிந்து பார்த்தால் மேல் பகுதி வழியாகத்தான் பார்வை போகும். அங்கே தூரம்தான் தெரியும். கைக்கெட்டும் தூரத்து முடி கலங்கும். கீழ்ப்பகுதிக்குப் பார்வையைக் கொண்டு வர, குனிந்தபடியே மோவாயைத் தூக்க வேண்டும், தண்ணீர் குடிக்கிற கோழி மாதிரி. அவள் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள்.

முடிந்ததும் நிலைக்கண்ணாடியைக் காட்டினாள். "எப்படி இருக்குக்கா?"

நான் எந்தப் பகுதி வழியாகப் பார்த்தேனோ, யார் கண்டது. "சூப்பர்" என்றேன்.

மறுநாள் காலை பால் பாக்கெட்டின் தேதியைப் படித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் எதிரே வந்து நின்றார்.

"எதுக்கு மோவாயத் தூக்கிட்டுப் பாக்குற? நான் என்ன பண்ணினேன்?"

"தேதி பாக்குறேங்க."

"அது சரி. உன் மூஞ்சில ஒரு பக்கம் சாதாரணமா இருக்கு, ஒரு பக்கம் என்னமோ கேக்குற மாதிரி இருக்கே."

அப்போதுதான் தெரிந்தது.*

* அவள் தன் பழைய படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பிறகு கேட்டேன். பவர் ஏறிவிட்டதாம். அதில் புருவ முடியும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லையாம்.

5

சொல்லிவிடலாம் என்றுதான் கீழே இறங்கினேன். படிகள் அலையலையாக வந்தன, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவளே பாதி வழியில் ஏறி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய சலூனில் ஆள் எடுக்கிறார்கள். நேரில் ஒரு முகத்துக்குப் புருவம் திருத்திக் காட்ட வேண்டும். முகத்தை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும். சரியாக வந்தால் வேலை.

"வேணாம்னுதான் இருந்தேன். இந்தக் கண்ணாடியோட எப்படிப் பண்றதுன்னு பயம். அப்புறம் உங்களுக்குப் பண்ணினது நல்லா வந்துச்சுல்ல? அந்தத் தைரியத்துலதான் வர்றேன்னு சொல்லிட்டேன்."

பென்சில் தீட்டிய புருவத்தோடு நான் நின்றேன். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மேலே வந்து எழுத உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டால் அங்கே போய் மாட்டிக்கொள்வாள், சொன்னால் போகவே மாட்டாள். இரண்டுக்கும் நடுவில் நான் பத்தி பிரித்துக்கொண்டிருந்தேன்.

6

இந்தக் கதையை நான் இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவிடாமல் அவளே வந்து கதவைத் தட்டினாள்.

"என்னைப் பத்தி எழுதுறீங்களாமே, சார் சொன்னாரு. படிச்சுக் காட்டுங்க. எனக்கு எழுத்தெல்லாம் நெளியுது."

என் கணவருக்கு வாயில் பூட்டு கிடையாது. வேறு வழியில்லை. படித்தேன். மீசை வரியில் சிரித்தாள். மேல்மாடிக்காரி வரியில் "அய்யய்யோ, இத எடுத்துடுங்க" என்றாள். எடுக்கிறேன் என்றேன் (எடுக்கவில்லை, நீங்களே பார்த்தீர்கள்). பிறகு அந்த இடம் வந்தது.

"'வலது புருவம் முடிந்தது. இடது புருவத்தின் வாலுக்கு வந்தாள். அப்போது நூல்—'"

"நூல்?"

"அவ்வளவுதான். அதுக்கு மேல எழுதல."

அவள் என்னையே பார்த்தாள்.

"பொய் சொல்லாதீங்கக்கா. உங்க தலை இன்னும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போயிட்டுதான் இருக்கு."

மாட்டிக்கொண்டேன். இந்த லென்ஸில் ரகசியமாகப் படிக்க முடியாது. வரி போகிற வழிக்கெல்லாம் மூக்கும் போக வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள், அவளும் அதே கண்ணாடி போட்டவள்.

மிச்சத்தையும் படித்தேன். 'அப்போது நூல் ஒரு நூலிழை தள்ளிப் பிடித்தது. ஒரு துண்டு போயிற்று. இருவரும் பார்த்தார்கள், இருவருக்கும் தெரியவில்லை.'

அவள் எழுந்து வந்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு என் புருவத்தின் வாலை அழுத்தித் துடைத்தாள். பென்சில் மை விரலோடு போனது. மோவாயைத் தூக்கி, நெருங்கி, நெடுநேரம் பார்த்தாள்.

"இத எப்ப எழுதினீங்க?"

"நீ அந்த வேலை விஷயம் சொன்ன அன்னிக்கே."

"அன்னிக்கே தெரியும்."

"ம்."

"எங்கிட்ட சொல்ல வாய் வரல. ஊருக்கெல்லாம் சொல்ல வந்துச்சு."

"நீ வருத்தப்படக்கூடாதேன்னுதான்..." என்று ஏதோ ஆரம்பித்தேன். எனக்கே அது வழவழவென்று கேட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

7

அன்று மாலை முழுக்க முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று. சலூனில் எல்லார் முன்னாலும் அவள் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறாள். இத்தனை வருட விரல்கள் தாமாகவே வழி கண்டுபிடிக்கின்றன. கைதட்டல். (பிறகு அவளிடம் சொன்னபோது, "கண்ணாடி இல்லாமப் பண்ணினா காதையும் சேத்து எடுத்துடுவேன்" என்றாள்.)

முடிவு இரண்டு. அவள் போகவில்லை. வேறு ஏதோ வேலைக்குப் போகிறாள். ("என்ன வேலைன்னும் நீங்களே எழுதிடுங்க. நான் தேடுற பாடு மிச்சம்.")

முடிவு மூன்று. அவள் என்னை மன்னித்து—

இல்லை. அவள் மன்னிக்கவில்லை. காலையில் வந்து கதவைத் தட்டினாள், அவ்வளவுதான். "கெளம்புங்க. முகம் வேணும்ல. நீங்கதான் வர்றீங்க. பென்சில் போடாதீங்க."

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போயேன். இந்தப் புருவத்த வெச்சுக்கிட்டா?"

"இதேதான் வேணும்."

8

சலூனில் சுவரெல்லாம் நிலைக்கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதி உருகிய நான்கைந்து நான். ஓரத்துப் பெஞ்சில் புருவம் திருத்திக்கொள்ள வந்த மூன்று பெண்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். மேலாளர் கறுப்புச் சட்டை போட்ட பெண், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

என் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இனிமேல் நான் சொல்வதெல்லாம் காதால் கேட்டதும் தோலால் உணர்ந்ததும்தான்.

மேலாளர் நாற்காலியைச் சாய்க்க வந்தாள்.

"சாய்க்க வேணாம்" என்றாள் பார்லர்.

"இங்க எல்லாரும் சாய்ச்சுதான் பண்ணுவாங்க."

"எனக்குப் புதுக் கண்ணாடிங்க. குனிஞ்சாத் தெரியாது. இவங்க நேரா உக்காரணும், நான் எதுக்க உக்காரணும். அப்பத்தான் தெரியும்." ஒரு மூச்சு விட்டாள். "போன வாரம் குனிஞ்சு பண்ணி, இவங்களுக்கு இடது பக்கம் ஒரு துண்டு போயிடுச்சு. நான்தான் பண்ணினேன். அதையும் பாத்துக்கோங்க, அப்புறமாத் தெரிஞ்சு கேக்க வேணாம்."

பெஞ்சில் யாரோ 'ச்சு' என்றார்கள். இவ்வளவையும் இத்தனை பேர் நடுவில் ஒரே மூச்சில் சொன்னவளைத்தான் நான் பொறுமை, புன்னகை என்று எழுதியிருந்தேன்.

நாற்காலியின் நெம்புகோலை மிதித்து என்னை உயர்த்தினாள். அவள் மூச்சு என் முகத்தில் நேராகப் பட்டது. தோலை இழுத்துப் பிடித்தேன். வலது புருவம். சுருக், சுருக். இடது. போன துண்டுக்குத் தக்கபடி மற்றதைக் கொண்டு வர வேண்டும். அதற்குமேல் ஒரு முடி அதிகமாகப் போனாலும் தொலைந்தது. கண்ணில் நீர் கட்டியது. அவள் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை.

பிறகு மேலாளர் வந்து குனிந்து பார்த்தாள். வாயில் புதினா மிட்டாய் வாசனை. அது வெகுநேரம் விலகவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு அவள் குரல் பெஞ்சுப் பக்கம் திரும்பியது:

"இவங்ககிட்ட யாராவது பண்ணிக்கிறீங்களா? கட்டாயம் இல்ல. உங்க இஷ்டம்தான்."

9

என் புருவம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். புருவ விஷயத்தில் என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். பெஞ்சில் இருந்த மூவரில் யார் எழுந்தார்கள் என்றும் எழுதப் போவதில்லை. எழுதிப் பார்த்தேன். ஒருத்தியை எழ வைத்தால் பார்லருக்கு நான் வேலை வாங்கிக் கொடுத்தது போல ஆகிறது. யாரையும் எழ வைக்காவிட்டால் நானே கெடுத்தது போல ஆகிறது. ஏற்கெனவே ஒரு தடவை அவளுக்காக நான் முடிவெடுத்தது போதும்.

ஆகவே நான் இறங்கிக்கொள்கிறேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பெஞ்சில் நான்காவதாக ஓர் இடம் இருக்கிறது, நீங்கள் இவ்வளவு நேரம் அதில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அவள் என்ன தவறு செய்தாள் என்று உங்களுக்குத் தெரியும், ஏன் செய்தாள் என்றும், இப்போது எப்படி உட்கார்ந்து செய்கிறாள் என்றும் தெரியும். உங்களுக்கு இருப்பதோ ஒரே ஒரு முகம்.

நாற்காலி காலியாக இருக்கிறது. அவள் புது நூலை அறுத்து ஒரு முனையைப் பல்லில் கவ்விக்கொண்டுவிட்டாள். இனி அவளால் பேச முடியாது, உங்களை வாங்க என்று கூப்பிட மாட்டாள்.