ஓடுகாலிச் சந்தை

எங்கள் பக்கத்தில் வேலையாட்களுக்கு வருஷத்தில் இரண்டு சந்தை. அறுவடை முடிந்ததும் முதல் சந்தை. செல்பரி ஊர்ச் சதுக்கத்தில் வரிசையாக நிற்போம். பண்ணைக்காரர்கள் வந்து மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கையில் ஒரு காசை வைப்பார்கள். வாங்கிவிட்டால் ஒரு வருஷம் அவர்களுடைய ஆள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு சந்தை வரும். போன இடம் ஒத்துவராமல் ஓடிவந்தவர்கள் அங்கே மறுபடி நிற்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஓடுகாலிச் சந்தை என்று அதற்குப் பெயர்.

முதல் சந்தையில் என் தங்கை டோர்கஸ் வேலைக்குப் போய்விட்டாள். அதுதான் அவளுக்கு முதல் வேலை. பார்ஜெட்டர் என்ற பண்ணைக்காரர் காசு கொடுத்தாராம். நான் அன்று விடுதிச் சமையலறையில் மாட்டிக்கொண்டிருந்தேன், அந்த ஆளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பிடிக்கலேன்னா ரெண்டாவது சந்தைக்கு வந்துரு, நான் வந்து நிப்பேன்" என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

அதனால்தான் இரண்டாவது சந்தைக்கு மழையில் நடந்து போனேன். விடுதியில் கூட வேலை செய்த கெசையா துடைப்பத்தோடு வரிசையில் நின்றிருந்தாள். வீட்டு வேலைக்காரிகளுக்கு அதுதான் அடையாளம்.

"என்னடி ஹெஸ்டர், மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு நின்னா பால் திரிஞ்சுபோகும்" என்றாள்.

"தங்கச்சி வருவாளான்னு பாக்கறேன்."

"வரலேன்னா நல்லதுதானே? வயிறாரச் சோறு போடறாங்கன்னு அர்த்தம்."

மதியம்வரை டோர்கஸ் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வேலையில் நிலைத்துவிட்டாள், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, இறைச்சி அப்பம் ஒன்று வாங்கி நின்றபடியே தின்றேன். அன்றைக்குப் பிறகு அந்த அப்பத்தை நான் தொட்டதே இல்லை.

அப்போது ஒரு வண்டி வந்து நின்றது. கெசையா என் முழங்கையை இடித்தாள். "பாரு, பார்ஜெட்டர். இவரு எதுக்கு வர்றாரு? ஆளுதான் எடுத்துட்டாரே."

வண்டியில் டோர்கஸ் இல்லை. அவள் அங்கே இருந்தால் இவருக்கு இன்னொருத்தி எதற்கு? அங்கே இல்லையென்றால் இங்கே அல்லவா நிற்க வேண்டும்?

கெசையாவின் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். பார்ஜெட்டர் என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார்.

"வெண்ணெய் கடையத் தெரியுமா?"

"தெரியும் ஐயா. முன்ன இருந்த பொண்ணு என்ன ஆனா?"

"ஓடிப்போச்சு கழுத. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எங்க உடம்பு வணங்குது?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "வேல ஒண்ணும் கஷ்டமில்ல. தண்ணி மட்டும் ஓடையிலேருந்து தூக்கிட்டு வரணும். கிணத்துப் பக்கம் போகவே கூடாது, மூடி போட்டாச்சு. தண்ணி கெட்டுப்போச்சு."

"எப்போலேருந்து ஐயா?"

"போன வாரத்திலேருந்து."

கத்தியிருக்கலாம். கத்தினால் யார் நம்புவார்கள்? ஓடுகாலிச் சந்தையில் நின்றுகொண்டு ஒரு வேலைக்காரி, என் தங்கை ஓடிப்போகவில்லை என்று சொன்னால் சிரிப்புத்தான் கிடைக்கும். அவர் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய், கிணற்றில் ஒன்றும் இல்லாமல் செய்துவிடுவார். கையை நீட்டினேன். காசை வைத்தார்.

துடைப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கெசையாவின் காதில் சொன்னேன்: "போலீஸ்காரரோட காலுல விழுந்தாவது இந்த ஆளு பண்ணைக்குக் கூட்டிட்டு வா. கிணத்தப் பாக்கணும்னு சொல்லு." அவள் முகம் வெளுத்துப்போனது. துடைப்பத்தோடேயே ஓடினாள்.

வழியெல்லாம் பார்ஜெட்டர் தன் பன்றிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நானும் உம் கொட்டினேன்.

கெசையாவும் போலீஸ்காரரும் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பார்ஜெட்டர் குதிரையை அவிழ்க்கப் போன நேரத்தில் நானே கிணற்று மூடியைத் தள்ளித் திறந்துவிட்டிருந்தேன். டோர்கஸ் அங்கேதான் இருந்தாள்.