நாலாயிரத்துக்கு மேலே

இசைக்குழுவில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாடகன் அவளுடைய சொந்தத் தம்பி. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அப்படியே பழகிவிட்டது. அவளைவிட ஆறு வயது மூத்தவரான கீபோர்டுக்காரருக்குக்கூட அவள் அக்காதான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குழுவின் மிக்ஸர் அவள் கையில் இருந்தது. மேடையிலிருந்து வருகிற ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு வாத்தியமும் அவள் விரலைத் தாண்டித்தான் ஜனங்களின் காதுக்குப் போகும்.

அன்று ஒரு கம்பெனியின் ஆண்டு விழா, பகல் நிகழ்ச்சி. மண்டபத்துக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. கண்ணாடியில் பட்டால் சத்தம் எகிறும் என்று வந்தவுடனேயே திரைச்சீலைகளை இழுத்துவிடச் சொன்னாள். பாடுகிறவனுக்கு அவன் குரல் கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டரை, மைக்கின் முதுகு பார்த்தபடி இருக்குமாறு தானே நகர்த்தி வைத்தாள். "மைக்கோட மூஞ்சி அந்தப் பக்கம் திரும்பிச்சோ, ரெண்டும் சண்டை போட ஆரம்பிச்சிடும்" என்று எப்போதும் சொல்வதை அன்றும் சொன்னாள்.

மூன்றாவது பாட்டில் தம்பி தன் குரல் போதவில்லை என்று சைகை காட்டினான். ஏற்றிவிட்டாள். அதோடு, குரல் கொஞ்சம் மந்தமாக இருப்பதுபோல் தோன்றவே, பளிச்சென்று இருக்கட்டும் என்று உச்ச ஒலியைக் கூட்டும் டிரெபிள் குமிழையும் ஒரு சுற்று திருப்பினாள். இப்போதெல்லாம் எந்தப் பாட்டுமே அவளுக்கு மந்தமாகத்தான் தோன்றியது. ஸ்பீக்கர்கள் பழசாகிவிட்டன என்று நினைத்துக்கொள்வாள்.

முன்வரிசையில் ஒரு பெண் சட்டென்று குழந்தையின் காதைப் பொத்தினாள். பக்கத்திலிருந்தவர் முகத்தைச் சுளித்தார். ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் பின்னால் திரும்பின. எல்லோரும் யாரைப் பார்க்கிறார்கள் என்று அக்காவும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது.

தம்பி மைக்கோடு இரண்டடி பின்னால் போய், அதை மானிட்டருக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு, "நான் பாடினது மைக்குக்கே பொறுக்கலை போலிருக்கு, மன்னிச்சிடுங்க" என்றான். கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

சாமான்களை வேனில் ஏற்றும்போது அவன் பக்கத்தில் வந்தான். வயரைச் சுற்றிக்கொண்டிருந்த அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அக்கா, மைக் கீச்சுன்னு கத்துச்சே, உனக்கு அது கேட்கவே இல்லையா?"

"எது?"

அவன் முகம் செத்துப் போனது.

காது டாக்டர் அவளை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நல்ல அறை. கதவு இடுக்கில்கூட ரப்பர் வைத்து அடைத்திருந்தார்கள். தொழில் தெரிந்தவன் செய்த வேலை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். ஆரம்பத்தில் சத்தங்கள் தெளிவாக வந்தன, அழுத்தினாள். பிறகு வரவில்லை. காத்திருந்தாள். இன்னும் வரவில்லை. எங்கோ வயர் கழன்றிருக்கும் என்று தோன்றியது. சொல்லலாம் என்று கையைத் தூக்கியபடி கண்ணாடி வழியே பார்த்தாள். டாக்டர் ஏதோ ஒரு குமிழை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் காட்டிய தாளில், அவளுக்குக் கேட்டதைக் குறிக்கும் கோடு நேராக வந்து, ஓர் இடத்தில் படியிலிருந்து தவறியதுபோல் விழுந்திருந்தது.

"நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, கீச்சுன்னு வர்ற சத்தமெல்லாம், ரொம்பக் குறைவாத்தான் கேட்குதும்மா, ரெண்டு காதும்" என்றார் டாக்டர். "சத்தத்துலயே இருக்கிறவங்களுக்கு வர்றதுதான். காதுக்கு அடைப்பான் எதுவும் போட்டுக்கலையா?"

டிரம்மருக்கு அவள்தான் அடைப்பான் வாங்கிக் கொடுத்திருந்தாள். போடாமல் உட்கார்ந்தால் குச்சியைப் பிடுங்கிவிடுவாள். தனக்கு மட்டும் போட்டதில்லை. காதை அடைத்துக்கொண்டு மிக்ஸ் பண்ணுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி என்பாள்.

"திரும்ப வருமா?"

"போனது வராதும்மா. மூணு நாலு வருஷம் முன்னாடியே வந்திருந்தா, இந்த அளவுக்கு விடாம நிறுத்தியிருக்கலாம்."

வீட்டில் ஓர் அறையை அவள் ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தாள். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் முட்டை அட்டைகளைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "இதெல்லாம் முட்டைக்குத்தாங்க உதவும், சத்தத்துக்கு உதவாது" என்று திருப்பி அனுப்பிவிட்டு, கனமான கம்பளிகளைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிட்டாள். பதிவு நடக்கும்போது ஃபேன் ஓடக் கூடாது, பிரிட்ஜ் ஓடக் கூடாது. அணைத்த பிரிட்ஜை மறுபடி போட மறந்துவிடுவாள். "எங்க வீட்டுல பாட்டு நல்லா வருது, பால்தான் கெட்டுப் போகுது" என்று அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். தம்பி எழுதிய ஏழு பாட்டுகள் அந்த அறையில் பதிவானவை. இரண்டு வருடம் ஓய்வு நாளெல்லாம் அவள் உட்கார்ந்து மிக்ஸ் பண்ணினாள். பாட்டுகள் இணையத்தில் வெளியானபோது, ஒலி எவ்வளவு பாந்தமாக இருக்கிறது என்று முகம் தெரியாதவர்களெல்லாம் எழுதியிருந்தார்கள். அதைக் கணவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

டாக்டரிடமிருந்து வந்த மறுநாள் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காது சொல்லாததைக் கண்ணாவது சொல்லட்டும் என்று கம்ப்யூட்டரில் ஒலியின் வரைபடத்தைத் திறந்தாள். தான் முடித்துக் கொடுத்த பாட்டை ஒரு பக்கம் போட்டாள். வலது ஓரத்தில், அவளுக்குக் கேட்காத இடத்தில், மலைபோல் எழும்பி நின்றது. கேட்டவர்களுக்குக் காதில் ஊசி குத்தியிருக்கும். பிறகு, இணையத்தில் வெளியான அதே பாட்டை இறக்கி மறுபக்கம் போட்டாள். அதில் மலை இல்லை. யாரோ பதமாகச் சரித்து, வழித்துவிட்டிருந்தார்கள். ஏழு பாட்டையும் போட்டுப் பார்த்தாள். ஏழும் அப்படித்தான்.

தம்பியை வரச் சொன்னாள். அவன் திரையைப் பார்த்தான். என்னவென்று கேட்கவில்லை.

"யாரு பண்ணது?"

"கீபோர்டு அண்ணன்தான்கா."

"ஏழுமா?"

"ம்."

"அப்போ எல்லாருக்கும் தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தனை வருஷமாடா?"

"மூணு இருக்கும். ஏதோ ஒரு மாதிரி கூசுதுன்னு முதல்ல அண்ணன்தான் சொன்னாரு. நான் உன்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். நீ பாட்டைப் போட்டுட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தே. சின்னக் குழந்தை மாதிரி. நல்லா இருக்குக்கான்னு வாயில வந்துடுச்சு. ஒரு தடவை சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"எல்லாரும் சேர்ந்து சிரிச்சீங்களா?"

"அக்கா!" அவன் குரல் உடைந்தது. "யாரும் சிரிக்கலைக்கா. உன்னை உக்கார வச்சுப் பேசணும்னு எத்தனை தடவை முடிவு பண்ணியிருக்கோம் தெரியுமா? யார் பேசறதுன்னுதான் முடிவே ஆகலை."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? முன்னாடியே காட்டியிருந்தா சரியாகியிருக்குமா? நாங்க மூடி மறைச்சதாலதான்..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் நின்றான்.

டாக்டர் சொன்னது நாக்கு நுனி வரை வந்தது. மூணு வருஷம். சொல்லிவிட்டால் தன் பாரம் கொஞ்சம் குறையும் என்று அவளுக்குத் தெரிந்தது. குறைகிற பாரம் எங்கே போய் இறங்கும் என்பதும் தெரிந்தது. இனி பாடுகிற ஒவ்வொரு பாட்டிலும் அவன் அதைச் சுமந்துகொண்டு பாடுவான்.

"முன்னாடி பார்த்தாலும் இதேதானாம்டா" என்றாள். "ஒண்ணும் மாறியிருக்காதாம்."

அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவன் வாய் காதோரமாகவே ஏதோ முணுமுணுத்தது. பாதி வார்த்தைகள் அவளுக்குப் பிடிபடவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்கவும் இல்லை, முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அவன் போன பிறகு கோபம் வந்தது. பதினைந்து நாள் அவன் கூப்பிட்டபோதெல்லாம் அவள் போனை எடுக்கவில்லை. கணவர் சாப்பாட்டுத் தட்டோடு ஸ்டுடியோ கதவுக்கு வெளியே நிற்பார். தட்டி, கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விடுவார். பதினாறாம் நாள் அவளே கீபோர்டுக்காரர் வீட்டுக்குப் போனாள்.

"இனிமே மிக்ஸர்ல நீங்க உக்காருங்க. கீபோர்டுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்."

"அக்கா, நான்..." என்று இழுத்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க. கண்ணால பார்த்தே சொல்றேன். என் மிக்ஸை அழிக்காம, குத்தறதை மட்டும் எடுத்திருக்கீங்க." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்லூரி அரங்கத்தில் நிகழ்ச்சி. ஸ்பீக்கர்களை நிறுத்துவது, வயர் இழுப்பது, மைக்கின் முகம் திருப்புவது எல்லாம் இன்னும் அவள்தான். கை வேலைக்குக் காது வேண்டாம். அவளும் அடைப்பான் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு தொடங்கியதும் வழக்கம்போல் அரங்கின் நடுவுக்குப் போய் நின்று, அடைப்பானைக் கழற்றினாள். தம்பியின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. நாலாயிரத்துக்கு மேலே என்ன இருக்கிறதோ, இல்லையோ, அவளால் சொல்ல முடியவில்லை. தூரத்தில் கீபோர்டுக்காரர் மிக்ஸரில் குனிந்திருந்தார். நிமிர்ந்து, எப்படி என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

பக்கத்து நாற்காலியிலிருந்த பெண்ணிடம் குனிந்தாள்.

"சவுண்ட் எப்படிங்க இருக்கு? காதைக் குத்துதா?"

"இல்லீங்களே. நல்லா இருக்கே. ஏன், உங்களுக்குக் குத்துதா?"

"இல்லைங்க" என்றாள் அக்கா. "எனக்கும் நல்லாத்தான் இருக்கு."

கீபோர்டுக்காரரைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினாள்.