கப்டன் சாம்பவி பேசுகிறார்

பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில் சாம்பவி குனியாமல் நுழையக்கூடிய ஒரே இடம் மெட்ரோ நிலையம்தான். ஆறடி மூன்றங்குலம். வாய் அதைவிட நீளம். கூடைப்பந்தைத் தொழிலாக ஏற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் நகரமே அவள் பெயரைச் சொன்னது. சேர்ந்த அணியோ படுத்த படுக்கை. தொடர்ந்து பதின்மூன்று தோல்வி. பார்க்க வருகிறவர்களைவிடக் கதிரை துடைக்கிறவர்கள் அதிகம். பந்து வராமல் வளையத்துக்கே கொட்டாவி.

அந்தக் களைப்பில் ஒரு தமிழ் இணைய வானொலிக்குக் காணொளிப் பேட்டி கொடுத்தாள். தமிழில் சொன்னால் பிரெஞ்சு பேசும் அணியில் யாருக்கு விளங்கப்போகிறது?

"எங்கட டீம் செத்துப்போச்சு அண்ணை. தூக்கிக்கொண்டு போகத்தான் ஆக்கள் இல்லை. கோச் மூச்சு விடுறாவோ எண்டு நான் இடைக்கிடை பாக்கிறனான்."

விளங்காமலே போயிருக்கும். ஆனால் அம்மா புஷ்பவதி இருக்கிறாரே! பெருமை தாங்காமல், லாசாலில் இருக்கும் அண்ணன் மகனைப் பிடித்து, ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சப்டைட்டில் போடவைத்து, சொந்தக்காரர் நானூறு பேருக்கும் பயிற்சியாளர் அக்னெஸுக்கும் சேர்த்தே அனுப்பிவிட்டார்.

"என்னம்மா செய்து வச்சிருக்கிறீங்கள்! என்னை டீமால நிப்பாட்டப் போகினம்."

"ஏன் பிள்ளை? வடிவாத்தானே கதைச்சிருக்கிறாய். முகம்தான் கொஞ்சம் வாடிக்கிடக்கு."

மறுநாள் ஆட்டத்துக்கு முன் அக்னெஸ் கூப்பிட்டார். இதோடு சரி என்று நினைத்துக்கொண்டு போய் நின்றாள் சாம்பவி. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

"முழுக்கப் பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை. கப்டன் நேற்று விலகிவிட்டாள். இனி நீதான். தோற்றால் நிருபர்களுக்குப் பதில் சொல்வது கப்டன் வேலை. உனக்குத்தான் பேச வருகிறதே."

அன்று முப்பத்தொரு புள்ளியால் தோற்றார்கள். மூன்று நிருபர்கள், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஏன் தோற்றீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். பதில் நாக்கின் நுனியில் துள்ளியது. பக்கத்து அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே முழங்காலில் ஐஸ் பையோடு அவளுடைய ஆட்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள். அக்னெஸ் தரையில் உட்கார்ந்து ஒருத்தியின் கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஆட்டத்தில் இன்னும் முயற்சி செய்வோம்," என்றாள் சாம்பவி, பிரெஞ்சில்.

வெளியே வருவதற்குள் தொலைபேசி அடித்தது.

"என்ன பிள்ளை இது?" என்றார், நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா. "இதில சப்டைட்டில் போட என்ன கிடக்கு?"