மணமில்லாத கோயோ

பாசாரிலிருந்து திரும்பிய லோகேஸ்வரி மீன் பையைத் தொட்டியில் வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தோலில் ஒட்டும் மருந்துப் பேட்சை மாற்றும் நாள். மறந்துவிடக் கூடாது என்றுதான் காலையிலேயே பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேசையில், சீப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பெட்டி அங்கேதான் இருந்தது, மூடி மட்டும் திறந்திருந்தது. உள்ளே இரண்டு உறைகள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று கிழிந்து குப்பைக்கூடையில் கிடந்தது. அதன்மேல், உரித்துப் போட்ட கண்ணாடித்தாள். அதற்கும் மேல், அத்தை வலிக்கு ஒட்டிக்கொள்ளும் கோயோவின் காலி டப்பா.

என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்குத் தோள் வலித்திருக்கிறது. அவருடைய கோயோ தீர்ந்துபோயிருக்கிறது. துவைத்து மடித்த துணியை வைக்க வந்தவர் மேசையில் தோல் நிறத்தில் சதுரமாக ஒன்றைப் பார்த்திருக்கிறார். லோகேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் அவளுக்கு வந்தது வெட்கம். அடுத்த கணமே பயம் வந்து அதைத் தள்ளிவிட்டது. அத்தைக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. தினமும் காலையில் பசியாறியதும் ஒரு மாத்திரை போடுவார். இப்போது அவர் ஏழு மாடி கீழே, ஜெலுத்தோங் குடியிருப்புத் திடலின் வெயிலில், பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்.

அத்தை ஜெயலெட்சுமி பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து மின்னணுச் சில்லுகளைச் சோதித்தவர். போன வருடம் வேலையை விட்ட மறுவாரமே தமக்கென்று ஒரு பூப்பந்து மட்டை வாங்கிக்கொண்டார். எதிர்வீட்டுக் குமுதாவும் அவரும் ஜோடி. முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு விளையாட்டாக இல்லை. மற்ற புளோக்குப் பெண்கள் அவரைக் கண்டால் வலைக்கு முன்னால் வர யோசித்தார்கள். இன்று குடியிருப்போர் சங்கப் போட்டியின் அரையிறுதி. மஞ்சள் டீசட்டை, முடியை இழுத்துக் கட்டிய ரப்பர், நெற்றியில் திருநீறு என்று காலையில் அவர் கிளம்பிப்போன தோற்றம் லோகேஸ்வரிக்கு நினைவு வந்தது.

அவளுக்கும் சுகுமாரனுக்கும் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளுக்குப் பகுதிநேரப் பொறியியல் படிப்பில் இடம் கிடைத்திருந்ததால் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோம் என்று இருவருமாகத்தான் முடிவெடுத்தார்கள். முதலில் மாத்திரை சாப்பிட்டாள். ஷிப்ட் மாறி மாறி வந்ததில் அது அடிக்கடி மறந்துபோனது. பிறகுதான் கிளினிக் டாக்டர் அவளுடைய ரத்த அழுத்தத்தை அளந்து, புகைப்பழக்கம், ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் யாருக்காவது ரத்த உறைவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இந்தப் பேட்சை எழுதிக்கொடுத்தார். வாரத்துக்கு ஒன்று, மூன்று வாரம். நாலாவது வாரம் சும்மா விட்டுவிட வேண்டும். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சுகுமாரன் அப்போது சொன்னான். இன்றுவரை சொல்லவில்லை. அத்தையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் பப்பாளிப்பழம் வரவில்லை, அன்னாசி வரவில்லை. ஒருவேளை உண்டாகியிருந்தால் என்ற நினைப்பில்தான். லோகேஸ்வரிக்குப் பப்பாளி என்றால் உயிர். வாய்விட்டுக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். வாய் திறக்காமல் பழத்தை ஒளிக்கும் ஒருவரிடம் என்னவென்று ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மருந்துக்கடை நஸீஹாவுக்குப் போன் போட்டாள். பேட்சை எப்படி ஒட்டுவது என்று முதன்முதலில் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பை விழுங்கிய சத்தம். பிறகு நஸீஹா கடைக்காரியின் குரலுக்கு மாறி வயது கேட்டாள், ரத்தக் கொதிப்பு கேட்டாள்.

“முதல்ல கழட்டிருங்கக்கா. மத்தது அப்புறம்.”

சில மணி நேரம் ஒட்டியிருந்ததால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் அந்த வயதுக்கும் கொதிப்புக்கும் இது ஆகவே ஆகாத மருந்து, ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளப் பார்க்கும் என்றாள். எடுத்தவுடன் ஓரிடத்தில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நாளைக்குக் கிளினிக்கிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் குப்பையில் போடுங்கள், கழிப்பறையில் போட வேண்டாம். எல்லாம் சொல்லி முடித்து, போனை வைக்கும் முன், இந்த அமளியில் உங்களுடையதை மாற்ற மறந்துவிடாதீர்கள் என்றும் சொன்னாள்.

ரத்த அழுத்தக் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லோகேஸ்வரி இறங்கினாள். லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்றது. திடலைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழ்த்தளத்து மளிகைக்கடை மீரா சாகிப் உயரமான ஸ்டூலில் ஏறி நடுவராக அமர்ந்து, கழுத்தில் விசிலும் கையில் தே ஓ ஐஸ் தேநீருமாகப் புள்ளி சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை பின்கோட்டிலிருந்து குதித்து ஒரு அடி அடித்தார். டீசட்டைக் கை மேலேறியது. தோளுக்குக் கீழே, எல்லாரும் பார்க்க, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது அது.

அத்தை, கொஞ்சம் வாங்க என்று கூப்பிட்டாள். இரும்மா என்பதுபோல் அவர் மட்டையை மட்டும் ஆட்டினார். லோகேஸ்வரி கோட்டைத் தாண்டித் திடலுக்குள்ளேயே போய்விட்டாள். மீரா சாகிப் விசிலை ஊதினார். சாகிப் நானா, ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க, இவங்க மருந்து விஷயம் என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணி குடிக்க நேரம் என்று ஊருக்கே அறிவித்தார்.

“எங்க வாங்கினம்மா இந்தக் கோயோவ?” என்று வந்ததும் வராததுமாக அத்தை கேட்டார். “ஒரு மணம் இல்ல, எரிச்சல் இல்ல. கை அப்பிடியே பஞ்சு மாதிரி போவுது. இவளுக்கும் ஒண்ணு குடு, இடுப்பு வலின்னு காலையிலேர்ந்து புலம்புறா.”

குமுதா ஆவலோடு இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

லோகேஸ்வரி அத்தையைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போய்க் காதருகே குனிந்தாள். வியர்வையும் பவுடரும் கலந்த வாசம் அடித்தது. “அத்தை, அது கோயோ இல்ல. புள்ள உண்டாகாம இருக்கிறதுக்கு ஒட்டுறது. என்னோடது.”

அத்தை தம் கையைப் பார்த்தார், பேருந்தில் முன்பின் தெரியாத யாரோ மடியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்ப்பது போல. பிறகு மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று லோகேஸ்வரியால் படிக்க முடியவில்லை. நஸீஹா சொன்னதையெல்லாம் மளமளவென்று ஒப்பித்தாள். அத்தை கையை நீட்டினார். ஓரத்தை நகத்தால் கிளப்பி லோகேஸ்வரி மெதுவாக உரித்தாள். தோலில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் பசையாக நின்றது.

“என்னாச்சு லெட்சுமி?” என்று குமுதா அங்கிருந்தே கேட்டாள்.

“இது டாக்டர் எழுதிக் குடுக்கிற கோயோவாம்” என்றார் அத்தை, மருமகளின் முகத்தைப் பார்க்காமல். “ப்ரஷர் உள்ளவங்க போடக் கூடாதாம். ஒனக்கும் ப்ரஷர் இருக்கு, அதனால ஒனக்கும் கெடையாது.”

சொல்லி முடித்தபோது அவர் தோள் குலுங்க ஆரம்பித்திருந்தது. அழுகிறார் என்றுதான் லோகேஸ்வரி நினைத்தாள். நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றிய பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நின்று நின்று வந்த சிரிப்பு. கருவி கொஞ்சம் அதிகமாகக் காட்டியது. சிரிக்காதீங்க அத்தை, மெஷின் தப்பாக் காட்டுது என்று கெஞ்சினாள். இந்த வயசுல எனக்கு, என்று ஆரம்பித்த அத்தையால் வாக்கியத்தை முடிக்கவே முடியவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காரவைத்து மறுபடி அளந்தபோது வழக்கமான எண்கள் வந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. மட்டையைத் தூக்கும்போதெல்லாம் அத்தைக்குக் கை கண்ணில் பட்டது, சிரிப்பு வந்தது, பந்து வலையில் போய் விழுந்தது. எதிர்த்தரப்பு இவ்வளவு சுலபமாக ஜெயித்ததை நம்ப முடியாமல் நின்றது. குமுதா மட்டும் காரணம் தெரியாமல் கடுகடுத்தாள்.

மேலே வந்ததும் அத்தை கையில் எண்ணெய் தடவிப் பசையைத் தேய்த்துக்கொண்டே, லோகேஸ்வரியின் அறை வாசலில் வந்து நின்றார். அவள் பழையதைக் கழற்றி மடித்துப் போட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே போன தடவை ஒட்டாத பக்கமாகப் பார்த்து, பவுடர் படாத உலர்ந்த தோலில் புதியதை வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். சட்டையை இறக்கிவிட்டு, உட்காருங்க என்றாள். அத்தை கட்டில் நுனியில் உட்கார்ந்தார்.

“அவர் சொல்றேன்னாரு அத்தை.”

“அவனா? பெருநாள் லீவு எத்தன நாள்னுகூட எங்கிட்ட சொல்ல மாட்டான்.” எண்ணெய்க் கையை இன்னொரு தடவை தேய்த்தார். “நானும் ஒண்ணு சொல்லல. ஒவ்வொரு மாசமும் நீ கடையில சானிட்டரி பேட் வாங்கிட்டு வரப்ப, அப்பாடான்னு இருக்கும் எனக்கு.”

லோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

“புள்ள வேணாம்னு இல்லம்மா. வந்தா நாந்தான பாக்கணும். பாப்பேன், ஆசையாத்தான் பாப்பேன். ஆனா இப்பத்தான லா மட்டையப் புடிச்சிருக்கேன். இத யாருகிட்ட போய்ச் சொல்றது? மாமியார் பேசுற பேச்சா இது?”

ஒரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து அறையில் இருவரும் ஒரே நிம்மதியைத் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது லோகேஸ்வரிக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. எழுந்து அத்தையின் கையை வாங்கி, மிச்சமிருந்த பசையைப் பஞ்சால் துடைத்தாள். நாளைக்கு லீவு போட்டுவிட்டு நானும் கிளினிக்குக்கு வருகிறேன், அதுவரை காலில் வலி, மூச்சில் மாற்றம், எதுவாக இருந்தாலும் மறைக்கக் கூடாது என்றாள். சரி, நீயும் மறைக்காத என்றார் அத்தை. அப்புறம், போகிற வழியில் ஒரு பப்பாளி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

கீழேயிருந்து மீரா சாகிப்பின் விசில் கேட்டது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். குமுதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, இனி முடியாது, ஆளை விடு என்று கையை விரித்தாள். அத்தை எழுந்து மருமகளை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு மட்டையே பிடிக்கத் தெரியாது என்றாள் லோகேஸ்வரி. குமுதாவின் மட்டை அதற்குள் அவள் கைக்கு வந்துவிட்டது.

அவள் முதல் பந்தைக் காற்றில்தான் அடித்தாள். இரண்டாவதும் அப்படியே. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மூன்றாவது எப்படியோ நரம்பின் நடுவில் பட்டு, எதிர்ப்பக்கத்துக்குப் போய், ஓங்கி அடிபட்டு நேராக மேலே கிளம்பியது. புளோக்கின் நிழலைத் தாண்டி, கொடியில் காய்ந்த சேலைகளைத் தாண்டி, வெயிலுக்குள் புகுந்து மறைந்தது. நான் பாக்குறேன் என்றார் அத்தை. நான் பாக்குறேன் என்றாள் லோகேஸ்வரி. இருவரும் முகத்தை வானுக்குத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, மட்டையை ஏந்தியபடி, ஒருவரை ஒருவர் பாராமல், ஒரே இடத்தை நோக்கிப் பின்னால் நடந்தார்கள்.